கூட்டத்தில் எனக்காக ஏறெடுத்த ஜெபம்

எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் முடிகிற நேரத்தில் ஜெபக்குறிப்புகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு ஜெபிப்பது வழக்கம். ஒருத்திக்குக் குழந்தை பாக்கியம், ஒருத்தியின் வீட்டுக்காரருக்கு வேலை, யாருடைய அம்மாவுக்கோ கண் ஆபரேஷன். அன்றைக்கு நான் குறிப்பு எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு டீச்சர் தாமாகவே என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். "அப்பா, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும். இவ மகனுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலைத் திறந்து கொடும். அவன் எதிர்காலம் வீணாய்ப் போகாதபடி காத்துக்கொள்ளும்" என்றார். சுற்றியிருந்த எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை.

யாராவது முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற எந்த அம்மாவுக்கும் அந்தப் பதில்கள் மனப்பாடம். ஆனால் ஜெபத்துக்கு என்ன பதில் சொல்வது? அதுவும் குரல் தழுதழுக்க, உண்மையான பாசத்தோடு செய்த ஜெபத்துக்கு. அவர் பேசியது என்னோடு அல்லவே. என் தலைக்குமேலே, என் ஆண்டவரோடு பேசிவிட்டார். நானும் அதே ஆண்டவரிடம் தினமும் காலையில் அடுப்படியில் நின்று, "இன்றைக்கு இவனுக்கு இரண்டு வரி வாசிக்க வரட்டும்" என்று கேட்கிறவள்தான். எங்கள் இரண்டு பேரில் யார் சொல்லை அவர் கேட்பார் என்று அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். சின்னப்பிள்ளைத்தனமான கேள்விதான், ஆனால் மாதக்கணக்கில் என்னை விடவில்லை.

மகனை ஏன் வீட்டில் வைத்தேன் என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கொரோனாவில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அதுவரை வீட்டில் கலகலவென்று இருந்தவன், பள்ளி திறந்ததும் தினமும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். எழுத்துகள் அவனுக்கு இடம் மாறித் தெரிகின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. வாசிப்பதில் சிரமம் உள்ள பிள்ளை. அந்த வருஷக் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் ஜெபித்து, பயந்து, மறுபடி ஜெபித்து எடுத்த முடிவு இது. இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே நம்புகிறேன்.

பள்ளிக்கூடம் கட்டிய சபை

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண் இந்த முடிவை எடுப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எங்கள் ஊர்களில் கோவிலும் பள்ளிக்கூடமும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும். ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அடுத்த வருஷமே அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி. இன்னொரு மிஷனெரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர் காலத்தில் சபை பெருகிய இடமெல்லாம் பள்ளியும் பெருகியது. இடையன்குடியில் மிஷனெரி கால்டுவெல் ஐயர் கோவில் கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி எலைசா அம்மா பெண்பிள்ளைகளைச் சேர்த்து எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். 1895இல் பாளையங்கோட்டையில் பெண்களுக்குச் சாரா டக்கர் கல்லூரி. பார்வையில்லாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பள்ளி வைத்த ஊர் எங்கள் ஊர்.

இது எனக்கு வெறும் சரித்திரம் இல்லை. எங்கள் ஆச்சியின் அப்பா பனையேறி. பனங்காட்டைத் தாண்டி ஒன்றும் தெரியாத குடும்பத்திலிருந்து ஆச்சி போர்டிங்கில் தங்கிப் படித்து டீச்சரானார். ஆச்சி டீச்சரானதால் அம்மா படித்தாள், அம்மா படித்ததால் நான் படித்தேன். நான் இன்று ஒரு பாடப்புத்தகத்தைத் திறந்து மகனுக்கு விளக்குகிறேன் என்றால், அந்த வல்லமையே ஒரு மிஷன் பள்ளிக்கூடம் எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்ததுதான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றால், மூத்தவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்? நன்றி கெட்ட பேச்சாகக் கேட்கும். பழைய இருட்டுக்கே திரும்பிப் போகிறாள் என்று தோன்றும். டீச்சரின் குரல் ஏன் தழுதழுத்தது என்பது, ஆச்சியை நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஆரம்பத்தில் நான் உற்சாகம் தேடிப் போனதெல்லாம் அமெரிக்கக் கிறிஸ்தவத் தாய்மார்களின் எழுத்துகளுக்கும் பேச்சுகளுக்கும்தான். அவர்களுக்கு நான் கடன்பட்டவள். காலையை எப்படித் தொடங்குவது, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பெரியவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எத்தனையோ அங்கே கற்றேன். ஆனால் கேட்கக் கேட்க ஒன்று இடறியது. அவர்களுடைய சரித்திரம் வேறு. 1962இலும் 1963இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகள் முன்னின்று நடத்திய ஜெபத்தையும் வேத வாசிப்பையும் சட்டவிரோதம் என்றது. அந்தக் காயத்தோடு வளர்ந்த பல குடும்பங்கள் எண்பதுகளில் பள்ளியைவிட்டுப் பிள்ளைகளை எடுத்தன, நீதிமன்றம் ஏறின, மாநிலம் மாநிலமாக உரிமை வாங்கின. அதனால் அவர்கள் பேச்சில் பள்ளிக்கூடம் என்றால் விசுவாசத்துக்கு எதிரிடையான இடம். எனக்கு அது பொருந்தவில்லை. காலையில் அசெம்பிளியில் நின்று கீர்த்தனை பாடிய பள்ளிக்கூடம்தான் எனக்கு ஆண்டவரை அறிமுகம் செய்தது. என் மகனுக்கு ஒத்துக்கொள்ளாதது வகுப்பறையின் வேகமும் கூட்டமும். அதற்காக நான் பள்ளியைச் சத்துருவாக்க முடியாது.

வேதாகமத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரத்தைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு "கருத்தாய்ப் போதித்து" என்று வருகிற அந்த வசனத்தை, வீட்டுக் கல்விக்கே கொடுத்த கட்டளையாகச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது என்றுதான் மோசே அடுக்குகிறார். ஸ்கூல் வேன் ஏற்றிவிட நடக்கிற அம்மாவுக்கும் அந்த வசனம் சொந்தம். அதற்கும் முந்தின வசனம், இந்த வார்த்தைகள் முதலில் உன் இருதயத்தில் இருக்கக்கடவது என்கிறது. என்னைப் பிடித்து உலுக்கியது அதுதான். பையனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஓடியோடித் தேடிய நாட்களில், என் வேதாகமம் அவனுடைய பாடநேரத்தில் மட்டும் திறந்தது. அதற்குப் பிறகு காலையில் பால் காய்கிற நேரத்தை எனக்கென்று வைத்துக்கொண்டேன். ஒரு சங்கீதம், சில நாள் நாலே வசனம். அது யாருக்கும் பாடம் நடத்துவதற்கு அல்ல, எனக்கு.

எப்வொர்த் வீடு

வீட்டில் பிள்ளைகளைப் படிப்பித்த கிறிஸ்தவத் தாய் என்றால் எல்லாரும் சொல்கிற பெயர் சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் எழுப்புதலை நடத்திய ஜான் வெஸ்லியின் அம்மா. 1669இல் பிறந்து 1742இல் காலமானவர். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற கிராமத்துக் குருமனையில் பிள்ளைகளுக்குத் தாமே பள்ளி நடத்தினார். ஐந்து வயது முடிந்ததும் எழுத்து. எழுத்து தெரிந்ததும் ஆதியாகமம் முதல் அதிகாரம். ஒவ்வொரு பிள்ளையையும் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் தனியாகக் கூட்டிவைத்துப் பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. இதையெல்லாம் கூட்டங்களில் சொல்லக் கேட்கும்போது நமக்கு உற்சாகம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு வந்ததெல்லாம் அசதி. பிள்ளையின் சுயசித்தத்தை அடக்க வேண்டும் என்று அவர் எழுதிய கண்டிப்பான பகுதிகளோடு இன்றுவரை என்னால் ஒத்துப்போக முடியவில்லை. பயத்தால் வயிற்றுவலி வந்த பிள்ளையை வைத்திருக்கிறவள் நான்.

ஆனால் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் ஆழமாக வாசித்தபோது வேறொரு பெண் தெரிந்தார். 19 பிள்ளைகள் பெற்றவர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைச் சிறுவயதிலேயே அடக்கம்பண்ணியவர். 1705இல் புருஷன் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1709இல் வீடு முழுக்க எரிந்துபோயிற்று. ஐந்து வயது ஜானை மாடி ஜன்னல் வழியாகத்தான் இறக்கினார்கள். வீட்டைத் திரும்பக் கட்டும்வரை பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் வளர்ந்தார்கள். வருஷக்கணக்கில் பழக்கியதெல்லாம் அந்த இடைவெளியில் கலைந்துவிட்டது, பேச்சும் நடத்தையும் மாறிவிட்டன என்று 1732இல் ஜானுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் வருத்தத்தோடு சொல்கிறார். அப்புறம் என்ன செய்தார்? எல்லாரையும் மறுபடி கூட்டி, பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கீதம் பாடுகிற வழக்கத்தை ஆரம்பித்தார். நான் நாலைந்து நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தால் மகன் படித்ததெல்லாம் மறந்து நிற்பான். அப்போதெல்லாம் இந்தச் சங்கீதம்தான் ஞாபகம் வரும்.

இன்னொன்று. அந்த வீட்டுப் பெண் ஹெட்டி, கிரேக்கம் படித்தவள், நன்றாகக் கவிதை எழுதியவள். அவளுடைய கல்யாண வாழ்க்கை முழுக்கக் கண்ணீர். அதே அம்மா, அதே மேஜை, அதே ஜெபம். ஒரு மகன் எழுப்புதலை நடத்துகிறான், ஒரு மகள் துக்கத்தில் வாழ்கிறாள். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை விசுவாசத்தில் நிலைப்பான், ஜெயமாய் வாழ்வான் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால், ஹெட்டியைப் பற்றிப் படித்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. இந்த உண்மை என்னைச் சோர வைக்கும் என்றுதான் நினைத்தேன். மாறாக, பெரிய பாரம் ஒன்று இறங்கியது. ஆண்டவர் நான் படிப்பிக்கிற முறைக்கு வாக்குத்தத்தம் கொடுக்கவில்லை, கூடவே இருப்பேன் என்றுதான் வாக்குப்பண்ணியிருக்கிறார் என்றால், டீச்சரின் ஜெபத்துக்கு நான் ஏன் அவ்வளவு பயப்பட வேண்டும்?

கஞ்சியும் ஈர்க்குச்சியும்

அந்த ஜெபத்துக்குப் பிறகு டீச்சரைக் கோவிலில் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அடுத்த மழைக்காலத்தில் எனக்கு டைபாய்டு வந்தது. வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. அத்தை தூத்துக்குடியில் நாத்தனார் பிரசவத்துக்குப் போயிருந்தார். மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டே இருந்தான், சின்னவள் அழுதுகொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் காலையில் டீச்சர் வந்து நின்றார். ஒரு கையில் தூக்குவாளியில் கஞ்சி, இன்னொரு கையில் பருப்புத் துவையல். எனக்குக் காய்ச்சல் என்று எங்கள் குருவானவரின் மனைவி ஐயரம்மாதான் சொல்லியிருக்கிறார்கள். "எந்திரிட்டி, முதல்ல சாப்பிடு" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. பள்ளிக்கூடப் பேச்சையும் எடுக்கவில்லை, ஜெபமும் பண்ணவில்லை.

சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சொன்ன தீர்க்கதரிசி எலியாவுக்கு முதலில் வந்தது ஒரு பிரசங்கம் அல்ல. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். தூதன் தட்டி எழுப்பி, சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அப்போதும் தூதன் கோபிக்கவில்லை, திரும்ப வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்றான். நீ இங்கே என்ன செய்கிறாய் என்று ஆண்டவர் கேட்டது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். எத்தனையோ தடவை வாசித்த பகுதிதான். துவையல் தொட்டுக் கஞ்சி குடித்த அன்றுதான் அந்த வரிசை எனக்குப் பிடிபட்டது.

நான் குடித்து முடிப்பதற்குள் டீச்சர் திண்ணைப்பக்கம் போய்விட்டார். என்ன வரைகிறாய் என்று மகனிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு, கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். பன்னிரண்டு என்று எழுதச் சொன்னால் அவன் இருபத்தொன்று எழுதுவான். டீச்சர் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். திருத்தவில்லை. எழுந்துபோய் என் ஈர்க்குமாற்றிலிருந்து ஒரு பிடி குச்சியை உருவி, அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடச் சொன்னார். "ஏல, கட்டு எத்தனை? உதிரி எத்தனை?" கட்டை இடதுபக்கம் வைத்தார், உதிரியை வலதுபக்கம் வைத்தார். ஒரு கட்டு, இரண்டு உதிரி. அவன் விரலைக் குச்சியின்மேல் வைத்துத் தடவிக்கொண்டே எழுதினான். பன்னிரண்டு. அடுத்தது இருபத்தொன்று: இரண்டு கட்டு, ஒரு உதிரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது ரெண்டும் வேற வேற!" என்றான். அவன் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

புறப்படும்போது என் கட்டிலருகே வந்து நின்றார். "என் வகுப்புலயும் இந்த மாதிரிப் பையங்க இருந்திருப்பாங்கட்டி. அம்பது பேரு உட்கார்ந்திருக்கிற வகுப்பு. மக்குன்னு நினைச்சுப் பின்பெஞ்சுல போட்டிருப்பேன். யாரு யாருன்னுகூட இப்ப ஞாபகம் இல்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பழைய டீச்சர் குரலில், "செவ்வாக்கிழமை வாறேன், கணக்கு நான் பார்த்துக்கிடுதேன். ஆனா ஸ்கூலுக்கு அனுப்புன்னு சொல்லுறத நிறுத்த மாட்டேன்" என்றார். நிறுத்தவும் இல்லை. சங்கக் கூட்டத்தில் இன்றுவரை அதே ஜெபம்தான். செவ்வாய்க்கிழமையும் தவறுவதில்லை.

என் முடிவை ஒத்துக்கொள்கிறவர்கள்தான் எனக்கு உற்சாகம் தர முடியும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவர்கள் எங்கேயோ தூரதேசத்தில் இருந்தார்கள். அவர்கள் சொல்கிற "நீ செய்வது சரி" என்ற வார்த்தை ஒரு சாயங்காலம்வரைகூடத் தாங்காது. என் முடிவை ஒத்துக்கொள்ளாத ஒருவர் என் சுமையில் ஒரு முனையைப் பிடித்தபோது, அது வாரம் முழுக்கத் தாங்கியது. சபை என்றால் இதுதான் என்று நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரே கருத்து உள்ளவர்கள் கூடினால் அது சங்கம். கருத்து வேறானாலும் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்தால்தான் சபை. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் முந்தி இருந்தது என்று பவுல் எழுதுகிறார். என் மகனுக்கு எங்கள் ஆச்சியைத் தெரியாது. ஆச்சியின் இடத்தில் அவனுக்கு இந்த டீச்சர் இருக்கிறார் என்று நினைத்து ஸ்தோத்திரம் பண்ணுகிறேன்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், ஆறிலிருந்து பதினாலு வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை, வீட்டுக் கல்வி என்று ஒரு வார்த்தையும் இல்லை. அந்த இடைவெளியில்தான் என்னைப் போன்றவர்கள் நிற்கிறோம். பதினாலு வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்குள் பாடம் பாடமாக முடிக்கலாம். என் மகனைப் போன்ற பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். அதற்குள் அவனே பள்ளிக்குப் போகிறேன் என்று கேட்டால் அனுப்புவோம் என்றும் பேசியிருக்கிறோம். டீச்சர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

போன மாதம் பக்கத்துச் சேகரத்துச் சபையிலிருந்து ஒரு இளம் தாய் என்னைத் தேடி வந்தாள். மகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடலாமா, ஆண்டவருடைய சித்தம் என்னவென்று எப்படித் தெரியும், உங்களுக்கு எப்படி தைரியம் வந்தது என்று ஒரே மூச்சில் கேட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, மூச்சுவிடாமல் பேசினாள். முதலில் இரண்டு தோசை வார்த்துக் கொடுத்தேன். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். ஈர்க்குச்சி இருக்கும், பிள்ளை அது பாட்டுக்கு எண்ணட்டும். டீச்சரிடம் எல்லாவற்றையும் கேள். அவர் பள்ளிக்கு அனுப்பு என்றுதான் சொல்வார். அதையும் கேட்டுக்கொள். அப்புறம் நாம் மூன்று பேருமாக உட்கார்ந்து ஜெபிப்போம்.